கசியாத இணைப்பை எதற்காகக் கழற்ற வேண்டும்?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே வாகன மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு தனிநபரிடமிருந்து 2007ஆம் ஆண்டின் போர்ஷே 911 ஜிடி3 காரை வாங்கினார். கார் இதுவரை 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் மூடிய கொட்டகையில் நிற்கிறது. சென்ற இலையுதிர் காலத்தில், ஜெர்மனியின் கட்டாய வாகனத் தகுதிச் சோதனையான டியூஃப் பரிசோதனையில் குறையின்றித் தேறியது. வரும் வசந்தத்தில் நண்பர்களுடன் நியூர்புர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே என்ற புகழ்பெற்ற பந்தயப் பாதையில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு முன் காரைப் பார்த்துவிடச் சொல்லித் தனியார் போர்ஷே பணிமனை ஒன்றில் விட்டபோது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் குழாய்முனைகள் பசையால் மட்டுமே ஒட்டப்பட்டவை என்றும், அவை திடீரெனக் கழன்றுவிடக்கூடும் என்றும், எஞ்சினை இறக்கி எல்லாவற்றையும் வெல்டிங் செய்வது நல்லது என்றும் பணிமனையார் சொல்லி, 6,000 யூரோவை ஒட்டிய மதிப்பீட்டை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

வாசகருக்கு இதில் ஐயம் இருக்கிறது. பணிமனையே அழுத்தச் சோதனை செய்து பார்த்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. "இந்த எஞ்சினுக்கு அழிவே இல்லை என்று கேள்விப்பட்டுத்தானே வாங்கினேன்" என்கிறார். நண்பர் ஒருவர், மணிக்கணக்கில் வாடகைக்கு இடம் தரும் பணிமனையில் எஞ்சினை இறக்காமலேயே துளையிட்டுத் திருகு போட்டுத் தருவதாகச் சொல்கிறார். மனைவியோ, கசியாத ஒன்றை எதற்காகக் கழற்ற வேண்டும் என்று கேட்கிறார். பணிமனை பயமுறுத்திப் பணம் பார்க்கிறதா, எந்த முறை சரியானது, விற்றவரிடமோ போர்ஷே நிறுவனத்திடமோ செலவைக் கேட்க முடியுமா, வேலை முடியும் வரை காரை ஓட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

வாகனப் பொறியாளரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் மனைவி கேட்டிருப்பதுதான் கடிதத்தில் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வாட்டர் பம்ப், ரப்பர் ஹோஸ், ரேடியேட்டர் ஆகியவை பழுதாகும்போது பெரும்பாலும் முதலில் கசியும். தரையில் ஈரம் தெரியும். நாமும் பார்த்துச் சரிசெய்வோம். அவற்றைப் பொறுத்தவரை "கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நியாயமான கொள்கை. இந்தக் குழாய்முனைகள் அப்படிப்பட்டவை அல்ல. இவை கசியாமலேயே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒருநாள் இடத்தை விட்டே வெளியே வந்துவிடக் கூடியவை. ஆகவே இந்தப் பழுதுபார்ப்பின் நோக்கம் கசிவை நிறுத்துவது அல்ல. பழுது வந்தாலும் அது மெல்லக் கசியும் பழுதாக வரவேண்டும், ஒரே நொடியில் குழாய் கழலும் பழுதாக வரக்கூடாது என்பதே நோக்கம். முறையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு செலவிடுவது, எப்போது செய்வது என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒன்றிலிருந்தே கிடைக்கும்.

எஞ்சினுக்குக் கிடைத்த பெயரும் குழாய்முனைகளின் நிலையும்

உங்கள் காரில் இருப்பது, 2020இல் மறைந்த ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் 3.6 லிட்டர் எஞ்சின். 1998ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் வென்ற 911 ஜிடி1 காரின் வழியில் வந்தது. 415 குதிரைத்திறன் தந்து, நிமிடத்துக்கு 8,400 சுற்றுகள் வரை தயங்காமல் ஏறும். அதே காலத்துச் சாதாரண கரேரா கார்களின் எஞ்சின்களில், உள்ளே சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்து எஞ்சினே பாழான கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த பேரிங் இதில் இல்லை. "அழிவே இல்லாத எஞ்சின்" என்ற பெயர் அந்த ஒப்பீட்டில் கிடைத்தது. கிராங்க், பிஸ்டன், எஞ்சின் உடல் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையும்கூட.

ஆனால் அந்தப் பெயர் கூலன்ட் செல்லும் வழிகளுக்குப் பொருந்தாது. எஞ்சினின் மேல் அமர்ந்திருக்கும் வார்ப்பு அலுமினிய உறைகளில், ரப்பர் ஹோஸ்களை மாட்டுவதற்கான குட்டையான குழாய்முனைகள் செருகப்பட்டிருக்கின்றன. அவை மரை போட்டு முறுக்கப்பட்டவையோ வெல்டிங் செய்யப்பட்டவையோ அல்ல. தொழிற்சாலையில் பசையிட்டு ஒட்டப்பட்டவை. 996, 997 என்பவை 911 காரின் அடுத்தடுத்த தலைமுறைகளின் எண்கள்; உங்களுடையது 997. 996 வகையின் டர்போ, ஜிடி2, ஜிடி3, 997 வகையின் ஜிடி3, ஜிடி2, முதற்கட்ட டர்போ என்று இந்த எஞ்சினைச் சுமக்கும் சாலைக் கார்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கவலை பொதுவானது. 2009இல் வந்த இரண்டாம் கட்ட 997 டர்போவில் முற்றிலும் வேறு எஞ்சின் வந்துவிட்டதால் அது இந்தக் கணக்கில் சேராது. இந்தக் குறையைப் பற்றி வந்த புகார்களின் பேரில் 2013இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. ஆய்வைத் தொடங்குவது வேறு, குறையென்று தீர்மானிப்பது வேறு. எனவே அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் பணிமனை இல்லாத பூதத்தைக் காட்டவில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

பசை ஏன் கைவிடுகிறது? ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. பசையும் விரிந்து சுருங்குகிறது, ஆனால் ஒரே அளவில் அல்ல. கூலன்ட் ஓரங்களில் ஊடுருவுகிறது. ஆண்டுகள் போகப் போகப் பசையின் பிடி உலோகப் பரப்பிலிருந்து விலகுகிறது. பழைய சைக்கிளில் கைப்பிடியின் ரப்பர் உறை, நாம் கவனிக்காமலே உள்ளுக்குள் பிடி விட்டுப்போய், மேடேறும்போது ஒருநாள் கையோடு வந்துவிடுவதைப் போன்றதுதான் இதுவும். குழாய்முனையின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்றும், சூடான நிலையில் உள்ளே 1.3 பார் அழுத்தம் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், சுமார் 9 கிலோ எடைக்கு நிகரான விசை அதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதிர்வும் ஹோஸின் இழுப்பும் இதில் சேரவில்லை.

நீங்கள் நம்பியிருக்கும் சில அடையாளங்கள்

குறைந்த கிலோமீட்டர் ஓடியிருப்பது உங்களுக்குத் தைரியம் தருகிறது. கிளட்சுக்கும் டயருக்கும் அது சரி. பசையின் வயதைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது. ஆண்டுகளாலும், எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதாலும்தான் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தும் கார், நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் காரைவிட, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிக முறை சூடாகி ஆறியிருக்கும்.

அழுத்தச் சோதனையில் தேறியதையும் டியூஃப் சான்றையும் நீங்கள் ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். இரண்டும் பொய்யல்ல, ஆனால் இந்தக் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, இன்று கசிவு இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். பசையில் இன்னும் எவ்வளவு பிடிப்பு மீதமிருக்கிறது என்பதைச் சொல்லாது. டியூஃப் பரிசோதகர் கண்ணுக்குத் தெரியும் கசிவைப் பார்ப்பார். எஞ்சினுக்கு மேலே மறைந்திருக்கும் ஒட்டுகளின் வலிமையைச் சோதிக்க அவருக்கு வழியும் இல்லை, கடமையும் இல்லை.

வெப்பமானி எச்சரித்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. வெப்ப உணரி சரியாகக் காட்ட வேண்டுமானால் அது கூலன்ட்டில் மூழ்கியிருக்க வேண்டும். குழாய் கழன்று கூலன்ட் வெளியேறிவிட்டால், உணரியைச் சுற்றி ஆவியும் காற்றும்தான் இருக்கும். சிலிண்டர் தலை கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் நடுவிலேயே நிற்கக்கூடும். உங்கள் காருக்கு முன்புறத்தில் மூன்று ரேடியேட்டர்கள், பின்புறத்தில் எஞ்சின், இடையில் காரின் நீளத்துக்கும் ஓடும் குழாய்கள். மொத்தமாக 20 லிட்டருக்கு மேல் கூலன்ட் பிடிக்கும். அது அழுத்தத்தோடு பீய்ச்சியடித்து இறங்கும் இடம் பின் டயர்களை ஒட்டிய பகுதி. உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த அந்த நீர் தார்ச்சாலையில் எண்ணெய்ப் படலம்போல் வழுக்கும். வெறும் தண்ணீரைப்போல் சீக்கிரம் காய்ந்தும் போகாது. பல பந்தய அமைப்புகள் கிளைக்கால் கூலன்ட்டையே தடைசெய்திருப்பது இதனால்தான். எஞ்சினுக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவது கவலை. வளைவின் நடுவில் உங்கள் பின் சக்கரங்களுக்கும், உங்களுக்குப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன ஆகும் என்பதே முதல் கவலை.

வெல்டிங்கா, பின்னிங்கா?

சரிசெய்ய மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள்: புதிய அசல் உதிரிபாகமே வாங்கி மாட்டிவிடுவது. ஒட்டி இணைத்த அதே வடிவமைப்பில் புதியது வாங்கினால் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி வைத்ததாகும், அவ்வளவுதான். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காரை வைத்திருக்க நினைப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பணிமனை சொன்ன வெல்டிங் முறையில், உறைகளை எஞ்சினிலிருந்து கழற்றி, குழாய்முனைகளை வெளியே எடுத்து, பழைய பசையைத் துளியும் மிச்சமில்லாமல் சுரண்டி, கழுவி, மறுபடி அதே கோணத்தில் செருகிச் சுற்றிலும் ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் செய்வார்கள். சரியாகச் செய்தால் அந்த இணைப்பைப் பற்றி இனி யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் "சரியாகச் செய்தால்" என்ற நிபந்தனை இங்கே கனமானது. பல ஆண்டுகள் கூலன்ட்டில் ஊறிய வார்ப்பு அலுமினியத்தில் வெல்டிங் செய்யும்போது நுண்துளைகள் விழ வாய்ப்புண்டு. பசையின் எச்சம் இருந்தால் அது எரிந்து இணைப்பைக் கெடுக்கும். வெப்பத்தில் உறை சற்றே கோணிக்கொண்டால் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகடு அமரும் முகம் சமமாக இருக்காது. இல்லாத கசிவு ஒன்று புதிதாகத் தொடங்கும். ஆகவே உங்கள் பணிமனையிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல: வெல்டிங்கை யார் செய்கிறார், இதே உறைகளை அவர் முன்பு செய்திருக்கிறாரா, செய்தபின் முகத்தின் சமநிலையை அளக்கிறார்களா, எஞ்சினில் பூட்டுவதற்கு முன் உறையைத் தனியாக அழுத்தச் சோதனை செய்கிறார்களா என்பவற்றைத்தான். இவற்றுக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்ல பணிமனை.

பின்னிங் என்று பணிமனைகளில் சொல்லப்படும் முறையில், குழாய்முனையை எடுத்துச் சுத்தம்செய்து, அதிக வெப்பம் தாங்கும் எபாக்சி என்ற பசையால் மறுபடி ஒட்டியபின், உறையின் வழியாகக் குழாய்முனைக்குள் துளையிட்டு, மரை வெட்டி, சிறிய திருகு ஒன்றை இறுக்குவார்கள். இதில் நீரை அடைப்பது எபாக்சி. குழாய் கழலாமல் பிடித்துக்கொள்வது திருகு. நாளை அந்த எபாக்சியும் வயதாகிப் பிடி விடலாம். அப்போது ஓரத்தில் ஈரம் கசியும், ஆனால் குழாய் இடத்தை விட்டு நகராது. நாம் வேண்டியது இதுதானே? வெல்டிங்கின் வெப்பக் கோளாறுகளும் இதில் இல்லை. திருகின் நீளம் கூடிவிட்டால் நீரோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், துளையே புதிய கசிவு வழியாகவும் மாறலாம் என்பவை இதன் குறைகள். அளந்து துளையிட்டு, மரைக்கு உரிய அடைப்புப் பசை போட்டால் இரண்டையும் தவிர்க்கலாம். மூன்றாவது வழி, உறையைக் கடைந்து மரை வெட்டி, முறுக்கிப் பூட்டும் புதிய குழாய்முனைகளைப் போடுவது. துல்லியமான கடைசல் வசதி உள்ள இடத்தில் அதுவும் நன்றே.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், தேர்ந்த அலுமினிய வெல்டர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் வெல்டிங். இல்லையென்றால் கவனமாகச் செய்த பின்னிங் என்பது என் கருத்து. சுமாரான வெல்டிங்கைவிட நல்ல பின்னிங் மேலானது. வெல்டிங் என்றால்தான் முழுத் தீர்வு, மற்றதெல்லாம் ஒட்டுவேலை என்று சிலர் பிடிவாதமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

எந்த முறையானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்: எல்லாக் குழாய்முனைகளும் செய்யப்பட வேண்டும். கைக்கு எளிதில் எட்டுகிற இரண்டு மூன்றை மட்டும் செய்துவிட்டு "முடித்துவிட்டோம்" என்று கணக்கெழுதும் இடங்கள் உண்டு. செய்யப்போகும் குழாய்முனைகளின் பட்டியலை இடம் குறித்து எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் காரை விற்கும்போது அந்தப் படங்களுக்கும் ரசீதுக்கும் மதிப்பு இருக்கும். அசல் தன்மை கெட்டுவிடும் என்று நீங்கள் அஞ்சுவது தேவையற்றது. இந்தக் காரைத் தேடி வாங்குபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பதே இந்த வேலை முடிந்ததா என்பதைத்தான்.

நண்பரின் யோசனை

உங்கள் நண்பரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எஞ்சினை இறக்காமல், குழாய்முனைகளை வெளியே எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே துளையிடுவதில் மூன்று கோளாறுகள் உள்ளன. ஒன்று, பிடி விட்டுக்கொண்டிருக்கும் பழைய பசை அப்படியே இருக்கிறது. துளையிடும் அதிர்வில் மிச்சப் பிடியும் போகலாம். இரண்டு, துளையிடும்போது விழும் அலுமினியச் சீவல்கள் கூலன்ட் வழிக்குள் போகும். வாட்டர் பம்பின் அடைப்பானைத் தின்ன அவை போதும். மூன்று, கை எட்டாத குழாய்முனைகள் எட்டாதவையாகவே இருந்துவிடும். மிக மோசமானது எதுவோ அது அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து சுற்றிலும் எபாக்சியைப் பூசிவிடும் யோசனையையும் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். எண்ணெயும் கூலன்ட்டும் படிந்த பரப்பில் பூசிய பசை பிடிக்காது. கண்ணுக்கு ஆறுதல் தருவதைத் தவிர அதனால் பயன் இல்லை.

வாடகைப் பணிமனையில் எஞ்சினை முறையாக இறக்கி, உறைகளைக் கழற்றி, அவற்றை மட்டும் வெல்டரிடம் கொடுத்து வாங்கிப் பூட்டும் திறமை நண்பருக்கு இருந்தால் அது வேறு கதை. அதற்கான தூக்கியும், மறுபடி கூலன்ட் நிரப்பும்போது காற்று தங்காமல் வெற்றிட முறையில் நிரப்பும் கருவியும் அங்கே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

உரிமையும் காப்பீடும்

நான் பொறியாளன், சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். தனிநபரிடம் வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பொருளில் குறை இருந்தால் விற்றவர் ஏற்க வேண்டிய பொறுப்பு விலக்கப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் தனிநபர்களுக்கிடையே அத்தகைய விலக்கு பொதுவாகச் செல்லும். தெரிந்தே மறைத்திருந்தால் மட்டுமே செல்லாது. பசை வயதாகியிருப்பதை அவர் அறிந்து மறைத்தார் என்று காட்டுவது ஏறக்குறைய இயலாத காரியம். முன்பு ஒரு குழாய் கழன்று, அதை மூடிமறைத்து விற்றார் என்பதற்கு ரசீதோ கடிதமோ கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். 2022 முதல், குறை விற்கும்போது இருக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஓராண்டு வரை விற்பவர் மீது விழும் என்று நீங்கள் படித்தது சரியே. ஆனால் அது வணிகரிடம் நுகர்வோர் வாங்கும்போது பொருந்துவது, உங்களுக்கு அல்ல.

நிறுவனத்திடம் கேட்கும் வழியும் அடைபட்டதே. உத்தரவாதம் முடிந்து நெடுங்காலமாகிறது. ஜெர்மனியின் தயாரிப்புப் பொறுப்புச் சட்டத்தின்படியான உரிமை, பொருள் சந்தைக்கு வந்து பத்து ஆண்டுகளில் அற்றுப்போகிறது. உங்கள் காருக்கு அது 2017இலேயே முடிந்துவிட்டது. தவிர, குறையுள்ள பொருளின் சொந்தச் சேதத்துக்கு அந்தச் சட்டம் ஈடு தருவதில்லை. இந்தச் செலவு உங்களுடையது என்று ஏற்றுக்கொண்டு மேலே யோசிப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். பணிமனை தன் எச்சரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் செய்யாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், உங்கள் காரின் சேதத்துக்கான காப்பீட்டில் கடும் கவனக்குறைவு என்ற கேள்வி எழலாம். காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, அத்தகைய நிலையில் ஈட்டுத்தொகையைக் குறைக்க நிறுவனத்துக்கு இடம் தருகிறது. அந்த வாதத்தை எழுப்புவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒப்புக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். நோர்ட்ஷ்லைஃபேயில் பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் அது கட்டணம் வாங்கும் ஒருவழிச் சாலையாகத்தான் நடத்தப்படுகிறது, பந்தயமாக அல்ல. ஆயினும் பந்தயப் பாதைகளில் ஓட்டுவதையே விலக்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்திடம் பெயர் சொல்லி, எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் உங்கள் கூலன்ட் கொட்டினால், பாதையை மூடியதற்கும் சுத்தம் செய்ததற்கும் காரை இழுத்து வந்ததற்கும் கட்டணம் உங்களிடம்தான் வரும். வழுக்கி விழுந்தவருக்கான பொறுப்பும் வாகன உரிமையாளர் என்ற முறையில் உங்களைத் தேடி வரும். அதற்கு நீங்கள் தவறு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

மதிப்பீட்டை எப்படிப் படிப்பது

6,000 யூரோவில் பெரும்பகுதி குழாய்முனைகளுக்கானது அல்ல. எஞ்சினை இறக்கி ஏற்றும் உழைப்புக்கானது. ஆகவே மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: இந்த வேலைக்கு இன்றியமையாதவை ஒருபுறம், எஞ்சின் இறங்கியிருப்பதால் சேர்த்துச் செய்யலாம் என்று அவர்கள் நினைப்பவை மறுபுறம். உறைகளின் கேஸ்கெட்டுகளும், வயதான ரப்பர் ஹோஸ்களும், புதிய கூலன்ட்டும் முதல் பட்டியலில் சேரும். பழைய ஹோஸைப் புதிதாக வெல்டிங் செய்த குழாய்முனையில் மாட்டுவது கஞ்சத்தனம். தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் நான் மாற்றிவிடச் சொல்வேன். கிளட்ச்சை அளந்து பார்க்கட்டும். பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கிராங்கின் பின்முனை அடைப்பான் எண்ணெய் ஈரத்தோடு இருந்தால் இதுவே தருணம். அதற்கு மேல் பட்டியல் நீண்டால், ஒவ்வொன்றுக்கும் "இதற்கென்று பிறகு தனியாக எஞ்சினை இறக்க வேண்டியிருக்குமா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்தபின் கார் நன்கு சூடாகி ஆறிய நிலைகளை ஓரிரு முறை கடந்ததும் அளவைச் சரிபார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இதையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னர் கேட்டால் தனிக் கட்டணம் ஆகிவிடும்.

அதுவரை ஓட்டலாமா?

சாலையில், நிதானமாக, ஓட்டலாம். இதற்காகக் காரைக் கொட்டகையில் பூட்டிவைக்கச் சொல்ல மாட்டேன். குளிர்ந்த நிலையில் கூலன்ட் அளவை ஒவ்வொரு முறையும் பாருங்கள். காரணமின்றிக் குறைந்தால் ஓட்டாதீர்கள். ஓட்டி நிறுத்தியபின் இனிப்பான வாடை அடித்தாலும், எஞ்சினின் அடியில் இளஞ்சிவப்பான காய்ந்த தடம் தெரிந்தாலும் அதே முடிவுதான். ஆனால் இந்தத் தடயங்கள் எதுவும் இல்லாமலும் குழாய் கழலலாம் என்பதை மறவாதீர்கள். கண்ணாடியில் பின்னால் திடீரென வெண்புகை எழுந்தால், பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை முடிந்தவரை நேராகப் பிடித்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஓரமாக ஒதுங்கி உடனே எஞ்சினை அணையுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து "இன்னும் ஒரு கிலோமீட்டர் போகலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். அந்த ஒரு கிலோமீட்டரின் விலை பல பத்தாயிரம் யூரோ பெறும் எஞ்சினாக இருக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறும் வரை கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது.

நோர்ட்ஷ்லைஃபே குளிர்காலத்தில் மூடியிருக்கும். உங்கள் காரும் நிற்கும். பணிமனையில் இடம் கிடைக்க ஏற்ற காலமும் அதுதான். இப்போதே நாள் கேளுங்கள். வசந்தத்துக்கு முன் நாள் கிடைக்கவில்லையென்றால் நண்பர்களோடு போங்கள், ஆனால் ஜிடி3 வீட்டில் இருக்கட்டும். பந்தயப் பாதைக்கென்றே தயார்செய்த கார்களை அந்தப் பகுதியில் வாடகைக்குத் தருகிறார்கள்.